பழைய பிக்கப்பின் கிரவுனுக்கு எந்த ஆயில்: 90, 140, சிந்தெடிக் ஓர் ஒப்பீடு

டாடா 207, பொலேரோ பிக்கப், தோஸ்த் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் இன்ஜின் ஆயிலைக் கணக்காக மாற்றுவார்கள். பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் ஆயில் அவர்கள் நினைவுக்கு வருவது கிரவுன் (பின் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல் சக்கரம்) ஊளையிட ஆரம்பித்த பிறகுதான். அப்போது ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் "140 ஊத்திரலாம்ணே, சத்தம் அடங்கிரும்" என்பார். ஆயில் கடைக்காரர் "90 போதும், எல்லாரும் அதான் வாங்குறாங்க" என்பார். வீட்டில் மகன் மொபைலைப் பார்த்துவிட்டு சிந்தெடிக் போடச் சொல்வான். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் போகிறது.

பின் சக்கரம் மட்டும் இழுக்கும் பிக்கப்பைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டும். நம் வண்டியில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு டிஃபரன்ஷியல், அதாவது பின் ஆக்சிலின் நடுவில் கிரவுன் இருக்கும் கியர் தொகுப்பு.

முதலில் எதை வைத்து முடிவு செய்வது

வண்டியின் மேனுவல்தான் முதல் படி. அது தொலைந்து போயிருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாடலையும் வருடத்தையும் சொல்லிக் கேட்டால் பின் ஆக்சிலுக்கு என்ன கிரேடு, எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை: டப்பாவில் உள்ள ஜிஎல் எண் (பற்களைக் காக்கும் திறனைக் காட்டுவது), ஆயிலின் தடிப்பு (90, 140 என்ற எண்), வண்டி சுமக்கும் சுமையும் ஓடும் ரோடும், ஆயில் சீல்களின் (கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) வயது, அடுத்த முறை எப்போது மாற்றப் போகிறீர்கள் என்பது. விலை கடைசியில் வரட்டும். இன்ஜினோடு ஒப்பிட்டால் ஆக்சிலுக்குப் பிடிக்கும் ஆயில் குறைவு. அதில் மிச்சம் பிடிக்கும் இருநூறு ரூபாய் ஒரு கிரவுன் பினியன் செட்டின் விலையில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

இவற்றில் ஜிஎல் எண்ணை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் நடக்கின்றன.

நம் பிக்கப்புகளின் பின் ஆக்சிலில் இருப்பது பெரும்பாலும் ஹைப்பாய்டு கியர். புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையில் இருந்து கிரவுனைச் சுற்றும் சின்னப் பல் சக்கரமான பினியன், கிரவுனின் நடுமையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் கீழே தள்ளி அமைந்திருக்கும். 1920-களில் அமெரிக்காவின் பக்கார்ட் கார்களில் வந்த இந்த அமைப்பால் ஷாஃப்ட் தாழ்ந்தது, பினியன் பருமனானது, சத்தமும் குறைந்தது. அதற்கு ஈடாக ஒரு தொல்லையும் சேர்ந்தது. பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல், நீளவாக்கில் உரசிக்கொண்டே வழுக்கும். லோடு ஏறும்போது அந்த உரசல் ஆயில் படலத்தை வழித்துத் தள்ளிவிடும். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும் அந்த நொடியில் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட ரசாயனங்கள்தான். தொடும் இடத்தின் சூட்டில் அவை இரும்போடு சேர்ந்து, தான் தேய்ந்து பல்லைக் காக்கும் மெல்லிய படலமாக மாறுகின்றன. புது கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி இந்தக் கந்தகத்தின் வாசனை.

ஜிஎல்-4 ஆயிலைவிட ஜிஎல்-5 ஆயிலில் இந்த ரசாயனம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜிஎல்-5 முத்திரை வாங்க வேண்டுமானால் மெதுவான வேகத்தில் கடும் லோடு, அதிவேகத்தில் திடீர் அதிர்ச்சி என்று நிஜ ஆக்சில்களை வைத்துச் செய்யும் சோதனைகளில் தேற வேண்டும். ஆகவே ஹைப்பாய்டு கிரவுனுக்கு ஜிஎல்-5 என்பதில் பேரம் வேண்டாம். 90-ஆ, 140-ஆ என்ற கேள்வியே அதற்குப் பிறகுதான் வருகிறது.

கியர் பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4: மிச்சத்தை ஊற்றலாமா?

கூடாது. ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸுக்கு ஐந்து லிட்டர் கேன் திறந்திருப்பார்கள். பாதி மிச்சம் இருக்கும். அதிலும் "90" என்றுதான் எழுதியிருக்கும். "ரெண்டும் ஒரே 90 தானே" என்று ஆக்சிலுக்கும் அதையே ஊற்றிவிடுவார்கள். 90 என்பது தடிப்பு மட்டும்தான்; உள்ளே எவ்வளவு பாதுகாப்பு இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஷெல் கம்பெனியின் ஸ்பைராக்ஸ் எஸ்2 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்2 ஏ என்பது ஆக்சிலுக்கான ஜிஎல்-5, எஸ்2 ஜி என்பது கியர் பாக்ஸுக்கான ஜிஎல்-4. டப்பா ஒரே மாதிரி, வித்தியாசம் ஒரே எழுத்து. கடையில் கேட்டு வாங்கும்போது அந்த எழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

தலைகீழாகச் செய்வதும் தப்பு. கியர் பாக்ஸில் கியர் மென்மையாக விழ உதவும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளையில் இருக்கும். ஜிஎல்-5-ல் உள்ள கந்தகம், முக்கியமாகப் பழைய தயாரிப்புகளில், மஞ்சள் உலோகத்தை அரிக்கக்கூடியது. பித்தளை தப்பித்தாலும், வழுக்கல் கூடுவதால் கியர் விழுவது கடினமாகலாம். வண்டியின் மேனுவல் புத்தகம் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று சொன்னால் அதற்கு ஜிஎல்-4, ஆக்சிலுக்கு ஜிஎல்-5 என்று இரண்டு டப்பா வாங்கிவிடுங்கள்.

80டபிள்யூ-90 மினரல், ஜிஎல்-5

மினரல் என்றால் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதாரண ஆயில். பெரும்பாலான பழைய பிக்கப்புகளுக்கு இதுதான் சரியான ஆயில். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம்.

'டபிள்யூ'வுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரைப் பற்றியது. 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 டிகிரி செல்சியஸ் வரைக்கும் ஆயில் ஓரளவு ஓடும் என்று பொருள். 75டபிள்யூ என்றால் மைனஸ் 40, 85டபிள்யூ என்றால் மைனஸ் 12. ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி காலையில்கூட நம் வண்டிகள் அந்த எல்லைகளின் பக்கத்தில் போவதில்லை. ஆக, தமிழ்நாட்டில் ஓடும் வண்டிக்கு இந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருள் இல்லை. நமக்கு முக்கியம் பின்னால் வரும் எண். 100 டிகிரி சூட்டில் 90 கிரேடு ஆயிலின் தடிப்பு 13.5-க்கும் 18.5-க்கும் இடையில் இருக்க வேண்டும்; தடிப்பை அளக்கும் இந்த அலகின் பெயர் சென்டிஸ்டோக்ஸ்.

பழைய மேனுவல் வைத்திருப்பவர்கள் இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2005-ல் இந்த அளவுகோல் திருத்தப்பட்டது. அதற்கு முன் 90 என்ற ஒரே பெயருக்குள் 13.5 முதல் 24 வரை எல்லாம் அடங்கியிருந்தது. அந்த அகலம் அதிகம் என்று மேல்பாதியைப் பிரித்து 110 என்று புது கிரேடு கொண்டுவந்தார்கள். எனவே 1990-களின் மேனுவல் "90" என்று சொன்னால், அது இன்றைய 90-ஐயும் குறிக்கும், 110-ஐயும் குறிக்கும். இன்றைய 90 கொஞ்சம் நீர்த்துத் தெரிகிறதே என்று சில மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

80டபிள்யூ-90 மினரலின் பலம் எங்கும் கிடைப்பது, விலை குறைவு, பழைய சீலோடு ஒத்துப்போவது. பலவீனம் சூடு. ஆயில் சூட்டில் கெட்டுப்போகும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும். முழு லோடோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் ஏறும் வண்டியின் கிரவுன் ஆயில், சமவெளியில் ஓடும் வண்டியின் ஆயிலைவிடச் சீக்கிரம் களைத்துவிடும். அதற்கு மருந்து விலை கூடின ஆயில்தான் என்றில்லை. சீக்கிரம் மாற்றினாலும் போதும்.

யாருக்கு: மார்க்கெட், கட்டுமானப் பொருள், பால் கேன் என்று ஊருக்குள்ளும் பக்கத்து ஊருக்கும் ஓடும் வண்டிக்கு. அளவோடு லோடு ஏற்றுபவர்களுக்கு. கிரவுன் சத்தமில்லாமல் இருக்கும் எல்லாருக்கும்.

85டபிள்யூ-140 மினரல், ஜிஎல்-5

140 ஆயில் 100 டிகிரியில் 24 முதல் 32.5 வரை தடிப்பு உள்ளது. வண்டி எடுக்கும் காலை நேரத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. 40 டிகிரியில் சாதாரண 80டபிள்யூ-90 ஆயிலைவிட 85டபிள்யூ-140 இரண்டு மடங்குக்கும் மேல் தடிப்பாக இருக்கும். சித்திரை மாதப் பகலில் திருச்சியிலும் மதுரையிலும் வெளிக்காற்றே ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் இருக்கிறது என்பதால், தேனாக இறுகிவிடும் என்ற பயம் இங்கே தேவையில்லை.

தடிப்பான ஆயில் கனமான படலம் கொடுக்கும். கோடை வெயிலில், மெதுவான வேகத்தில், எப்போதும் முழு லோடில் இழுக்கும் வண்டிக்கு அது நல்லது. ஜல்லி, எம் சாண்ட், செங்கல் ஏற்றும் வண்டிகள் இந்த வகை. மேனுவலிலேயே வெப்பமான இடத்துக்கு 140 என்று குறிப்பிட்டிருந்தால் தாராளமாகப் போடலாம்.

மறைந்திருக்கும் செலவு மூன்று. கிரவுன் சுற்றும்போது ஆயிலை வாரி இறைத்துத்தான் பினியன் பேரிங்குக்கு அனுப்புகிறது. தடித்த ஆயிலை வாரி இறைக்கச் சக்தி வேண்டும், அந்தச் சக்தி டீசலில் இருந்து வருகிறது. கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் போய்க்கொண்டே இருக்கும். அடுத்து, நெடுஞ்சாலையில் எண்பதில் ஓடும்போது அப்படி இறைப்பதே ஆயிலைச் சூடாக்கும்.

மூன்றாவதுதான் பெரிய செலவு. 140 சத்தத்தை அமுக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் தடித்த மெத்தை இருப்பதால் ஊளை குறைந்தது போலத் தெரியும். தேய்மானம் மட்டும் நடந்துகொண்டே இருக்கும். பேரிங் போனால் பினியன் ஆட ஆரம்பிக்கும். பினியன் ஆடினால் பல் கவ்வும் இடம் மாறும். கடைசியில் பேரிங்கோடு போக வேண்டிய செலவு கிரவுன் செட்டோடு நிற்கும். பழைய வண்டியை விற்பவர்களில் சிலர் இதைத் தெரிந்தே செய்வார்கள். வாங்கப் போகும்போது ஃபில்லர் பிளக்கைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். பசை போல இழுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஆகவே சத்தத்துக்காக 140 ஊற்றுவதற்கு முன்னால் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். ஆக்சிலேட்டர் அழுத்தும்போது மட்டும் ஊளையா, காலை எடுத்ததும் ஊளையா, எந்த நேரமும் கரகரவென்று உறுமலா, வளைவில் திரும்பும்போது மட்டுமா? அழுத்தும்போதும் விடும்போதும் மாறும் ஊளை கிரவுன் பினியன் பற்களையோ செட்டிங்கையோ காட்டும். மாறாத உறுமல் பேரிங்கைக் காட்டும். திரும்பும்போது மட்டும் என்றால், வளைவில் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற உதவும் ஸ்பைடர் கியரோ வீல் பேரிங்கோ. இவை எதையும் ஆயில் சரி செய்யாது.

75டபிள்யூ-90 சிந்தெடிக், ஜிஎல்-5

சிந்தெடிக் என்றால் செயற்கை முறையில் தயாரித்த ஆயில். இதன் விலை மினரல் 90-ஐவிட இரண்டு மூன்று மடங்கு. அதற்குக் கிடைப்பது என்ன? 75டபிள்யூ என்ற குளிர்ப் பலம் நமக்கு வேண்டாம் என்று பார்த்தோம். உண்மையான லாபம் மறுமுனையில். சிந்தெடிக் ஆயில் சூட்டில் அவ்வளவு நீர்த்துப் போகாது, ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பதும் மெதுவாகத்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து கோத்தகிரிக்கும், ஆழியாறில் இருந்து நாற்பது வளைவு ஏறி வால்பாறைக்கும் வாரத்தில் பல நாள் போகும் வண்டிக்கு இது அர்த்தமுள்ள செலவு. ஏறும்போது மட்டும் கிரவுனுக்கு வேலை என்று நினைக்க வேண்டாம். இன்ஜின் பிரேக்கில் இறங்கும்போது பல்லின் மறுபக்கம் முழு எடையையும் தாங்குகிறது.

தயக்கம் பழைய சீலில் இருக்கிறது. பத்து வருடச் சூட்டில் ரப்பர் உதடு கெட்டிப்பட்டிருக்கும். இதுவரை தடித்த ஆயிலும் அழுக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்த இடத்தில், எளிதாக ஓடும் புது ஆயில் கசிவாக வெளியே தெரியும். பினியன் சீலில் கசிந்தால் ஹவுசிங் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கு, அவ்வளவுதான். ஆக்சில் சீலில் கசிந்தால் அது பின் டிரம்முக்குள் போய் பிரேக் லைனரை நனைக்கும். நனைந்த லைனரைத் துடைத்துப் போட்டு ஓட்டக் கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒரு பக்கம் பிடிக்காத பிரேக்கோடு லோடு வண்டியை மலையில் இறக்குவதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சிந்தெடிக் போடுவதாக இருந்தால் சீல்களை முதலில் மாற்றிவிட்டு ஊற்றுங்கள்.

வாங்கிவிட்டு மினரல் போட்ட அதே கணக்கில் மாற்றினால் காசு வீண். வருடத்துக்கு மொத்தமே சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் தோட்டத்து வண்டிக்கும் இது வேண்டாம்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| பார்க்க வேண்டியது | 80டபிள்யூ-90 மினரல் | 85டபிள்யூ-140 மினரல் | 75டபிள்யூ-90 சிந்தெடிக் |
|---|---|---|---|
| 100 டிகிரியில் தடிப்பு (சென்டிஸ்டோக்ஸ்) | 13.5–18.5 | 24–32.5 | 13.5–18.5 |
| குளிர் எல்லை | மைனஸ் 26 | மைனஸ் 12 | மைனஸ் 40 |
| விலை | குறைவு | சற்றுக் கூட | இரண்டு மூன்று மடங்கு |
| பழைய சீல் | ஒத்துப்போகும் | ஒத்துப்போகும் | மாற்றிவிட்டு ஊற்றுவது நல்லது |
| தொடர்ந்து மலை ஏற்றம் | சீக்கிரம் மாற்றினால் போதும் | மெதுவான கனரக லோடுக்குச் சரி | மிக நல்லது |
| வேகமான நெடுஞ்சாலை ஓட்டம் | நல்லது | டீசலும் சூடும் கூடும் | மிக நல்லது |
| மறைமுகச் செலவு | அடிக்கடி மாற்றுவது | நோயை மறைப்பது | கசிவு, பிரேக் லைனர் |

எல்எஸ் என்று எழுதிய டப்பா

ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் (எல்எஸ்) டிஃபரன்ஷியல் இருந்தால்தான் இது தேவை. அதில் உள்ள கிளட்ச் தட்டுகள் திரும்பும்போது உதறாமல் இருக்க ஒரு சேர்க்கைப் பொருள் வேண்டும். நம் பிக்கப்புகளில் பெரும்பாலும் சாதாரண டிஃபரன்ஷியல். சந்தேகம் இருந்தால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கியரில் போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த் திசையில் சுலபமாகச் சுற்றினால் அது சாதாரணமானது. எல்எஸ் ஆயில் அதற்குக் கெடுதல் செய்யாது, செலவு மட்டும் வீண்.

ஆயிலை விட முக்கியமான சில

எந்த டப்பா என்று ஒரு வாரம் யோசிப்பவர்கள் பிரீதரை ஒரு முறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே சுண்டு விரல் தடிமனில் ஒரு சின்ன மூடி இருக்கும். சில வண்டிகளில் ரப்பர் குழாய் மேலே போகும். ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிந்து இந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். சேறு அடைத்துக்கொண்டால் அந்த அழுத்தம் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். சீல் மாற்றியும் மறுபடி கசிகிறது என்றால் முதலில் இதைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

வெள்ளத்திலும் ஆற்றிலும் இறங்கும்போது இதன் மறுபக்கம் நடக்கும். சூடான ஆக்சில் தண்ணீரில் திடீரென்று குளிர, உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஆக்சில் மூழ்கும் அளவு தண்ணீரில் போய் வந்திருந்தால் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் கிலோமீட்டர் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே மாற்றிவிட வேண்டும்.

டிரம்மில் இருந்து ஊற்றித் தரும் லூஸ் ஆயிலை நான் யாருக்கும் சொல்வதில்லை. அது ஜிஎல்-4-ஆ, ஜிஎல்-5-ஆ என்று காட்ட அதில் எந்த அடையாளமும் இல்லை. எந்த பிராண்டு என்பதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. சர்வோ, எச்பி, கேஸ்ட்ரால், கல்ஃப் எதுவானாலும் சரி, சீல் உடையாத டப்பாவில் ஜிஎல்-5 என்றும் சரியான தடிப்பு என்றும் எழுதியிருக்க வேண்டும்.

மாற்றும்போது

வண்டி ஓடி வந்த சூட்டில் ஆயில் முழுதாக இறங்கும். சமதரையில் நிறுத்தி, முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றுங்கள். அது துருப்பிடித்துக் கழலவில்லை என்றால், கீழே ஆயிலை வடித்துவிட்டு மேலே ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மை போல வழவழப்பான சாம்பல் நிறப் பசை சாதாரணத் தேய்மானம். விரலில் குத்தும் சிலும்பும், பல்லின் முனை போன்ற துண்டும் வந்தால் புது ஆயில் ஊற்றுவதற்கு முன் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். வடித்த ஆயிலை முகர்ந்தும் பாருங்கள். கருகிய நாற்றம் வந்தால் லோடோ, மாற்றும் இடைவெளியோ கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஃபில்லர் ஓட்டையின் அடிவிளிம்பு வரைக்கும் ஆயில் வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. அநேக வண்டிகளுக்கு இதுதான் கணக்கு, உங்கள் மேனுவல் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேளுங்கள். அதற்கு மேல் திணித்தால் நுரைக்கும், சீல் வழியே வரும்.

எப்போது மாற்றுவது? மேனுவலில் சாதாரண ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் கடுமையான ஓட்டத்துக்கு ஒரு கணக்கும் இருந்தால், லோடு பிக்கப் எப்போதும் இரண்டாவது கணக்குதான். மேனுவலே இல்லாத பழைய வண்டிக்கு, மினரல் 90 என்றால் 30,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்று நான் சொல்வேன். முன்பு என்ன ஊற்றினார்கள் என்று தெரியாமல் இப்போதுதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் உடனே ஒரு முறை மாற்றிவிட்டு, ஐயாயிரத்தில் மறுபடி மாற்றுங்கள். உள்ளே படிந்திருக்கும் பழைய கசடு அந்த இரண்டாவது முறையில்தான் வெளியே வரும். ஊற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் கிரேடையும் ஒரு துண்டு ஸ்டிக்கரில் எழுதி டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் ஓடியதும் இரண்டு பிளக்கையும் தொட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் வாஷரை மாற்றி இறுக்குங்கள்.